படம் பார்த்துப் பார்த்துக் கை ஓய்ந்த காலம்

தனியாக வேலை செய்யும் கிராஃபிக் டிசைனர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக, ஒரு வேலை கைக்கு வந்தவுடன் தாளை எடுப்பதற்கு முன்பே திரையைத் திறந்துவிடுகிறவர்களுக்காக. எனக்கு ஒரு பருவம் முழுக்க யோசனை வறண்டுபோயிருந்தது. அந்தக் காலத்தில் ஒரு நல்ல வாடிக்கையாளரை இழந்தேன், வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், ஒன்றுக்கும் உதவாத ஒரு பயிற்சி வகுப்புக்குச் சேமிப்பில் கணிசமான பகுதியைக் கட்டினேன். தூக்கம் போனது தனிக் கணக்கு. வடிவமைப்புத் தளங்களைப் பார், பாட்காஸ்ட் கேள், பெரிய ஸ்டூடியோக்களைப் பின்தொடர் என்று சொல்ல நிறையப் பேர் இருந்தார்கள். எப்படிப் பார்ப்பது, எதைக் கேட்பது, எப்போது மூடிவைப்பது என்று யாரும் சொல்லவில்லை. அதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

வறட்சி ஒரே நாளில் வந்துவிடவில்லை. காலையில் வேலைக்கு உட்காரும்போது பிஹான்ஸ், டிரிபிள், பின்டரெஸ்ட் என்று வடிவமைப்புப் படங்கள் குவிந்திருக்கும் தளங்களில் ஒரு சுற்றுப் போய்வருவது என் வழக்கம். கண்ணுக்குப் பிடித்ததைச் சேமித்துவைப்பேன். லோகோவுக்கு ஒரு தொகுப்பு, போஸ்டருக்கு ஒன்று, புத்தக அட்டைக்கு ஒன்று, வண்ணச் சேர்க்கைக்கு ஒன்று. அரை மணி நேரமாகத் தொடங்கிய பழக்கம், வேலை குறைந்த நாட்களில் மதியம்வரை நீண்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போது ஏதோ வேலை நடப்பதாகவே மனதுக்குத் தோன்றும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. கண் நிறைந்துவிடுகிறது, நாள் முடிந்துவிடுகிறது, தாளில் ஒரு கோடுகூட விழுந்திருக்காது. மற்றவர்களின் முழுமையான வேலைகளையே பார்த்துவிட்டு என்னுடைய அரைகுறைப் பென்சில் கோட்டுக்கு வந்தால் அழித்துவிடத் தோன்றும். அழித்தும் விடுவேன். அவர்கள் அழித்த கோடுகள் எனக்குக் காட்டப்படவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

இந்த நிலையில்தான் ஒரு சிறிய பதிப்பகத்தின் வேலை வந்தது. லோகோ, அதைத் தொடர்ந்து ஒரு நூல் வரிசைக்கான அட்டைகள். நான் ஆசைப்பட்டுக் காத்திருந்த வகை வேலை. பதிப்பாளர் முதல் சந்திப்பில் நிதானமாகப் பேசினார். நாட்குறிப்புகள், கடிதங்கள், பயண நூல்கள் ஆகியவற்றைத்தான் அதிகம் வெளியிடுவதாகவும், தங்கள் வாசகர்கள் பக்க ஓரத்தில் பென்சிலால் குறிப்பெழுதுகிறவர்கள் என்பதால் ஓரத்தை வேண்டுமென்றே அகலமாக விடுவதாகவும் சொன்னார். அதைக் குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன். வீடு திரும்பியதும் பதிப்பக லோகோக்களைத் தேடிப் பார்க்கத் தொடங்கினேன். நாட்கள் போயின. கெடு நெருங்க நெருங்க இன்னும் கொஞ்சம் பார்த்தால் ஏதாவது பொறி தட்டும் என்ற நம்பிக்கை மட்டும் வளர்ந்தது. கடைசியில் ஒன்று வந்தது. விரித்த புத்தகம், அதன் இரு பக்கங்களும் மேலே எழும்பிப் பறவையின் சிறகாகின்றன. கணினியில் வளைவுகளைச் சீராக்கி, வண்ணம் பூசி, அட்டையில் பொருத்திப் பார்த்தபோது நீண்ட நாளுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.

பதிப்பாளர் அதைப் பார்த்துச் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கேயோ பார்த்ததுபோல் இருக்கிறதே" என்றார். தன் தொலைபேசியால் என் திரையைப் படமெடுத்து, அந்தப் படத்தை வைத்தே தேடினார். வரிசை வரிசையாக வந்தன. நூலகங்கள், பள்ளிகள், புத்தகக் கடைகள், மொழிபெயர்ப்பு நிறுவனங்கள். எல்லாவற்றிலும் சிறகு முளைத்த புத்தகம். அவற்றில் ஒன்று, பறவை தலையைச் சாய்த்திருந்த கோணம்வரை என்னுடையதைப் போலவே இருந்தது. அவர் கோபப்படவில்லை. "எங்களுக்கென்று ஒன்று வேண்டும் என்றுதான் உங்களிடம் வந்தோம்" என்று மட்டும் சொன்னார். வேலை அத்துடன் நின்றது. முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார். எங்கள் ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லாததால் முழுவதையும் கொடுத்தேன். அந்தப் பருவத்தில் எனக்கு வந்திருந்த வருமானத்தில் பாதி அது. பிறகு என் தொகுப்பைப் பிரித்துப் பார்த்தபோது, அந்தக் குறிப்பிட்ட பறவை பல மாதங்களுக்கு முன்பே அதில் சேமிக்கப்பட்டிருந்தது. சேமித்த நினைவே எனக்கு இல்லை. கண் மறந்ததைக் கை மறக்கவில்லை.

அவமானத்தை யாரிடமும் சொல்லவில்லை. தனியாக வேலை செய்வதில் இது ஒரு பெரிய கஷ்டம். பக்கத்து மேசையில் கேட்க ஆளில்லை. அந்த மனநிலையில் பார்வைக்குப் பட்டதுதான் ஓர் இணையவழிப் பயிற்சி. படைப்பூக்கத்தை மீட்டெடுப்பது எப்படி என்று ஒரு ஸ்டூடியோ நடத்தியது. கட்டணம் முழுவதையும் முதலிலேயே கட்டச் சொன்னார்கள். உள்ளே போனால், அழகான படங்களின் இன்னொரு தொகுப்பும், நிரப்பிக்கொள்ள வேண்டிய வார்ப்புருக் கோப்புகளும், எழுச்சியூட்டும் பேச்சும் இருந்தன. ஒரு வேலை எப்படித் தொடங்கி எங்கே முட்டி எப்படித் திரும்பியது என்று ஓர் எடுத்துக்காட்டுகூட இல்லை. பணம் திரும்பி வரவில்லை. இப்படிப் பயிற்சியில் சேர நினைப்பவர்கள், கட்டணம் கட்டுவதற்கு முன் ஒரு பாடத்தை முழுதாகக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பாடம் நடத்துகிறவர் உண்மையான வாடிக்கையாளருக்குச் செய்த வேலையின் வரைவுகளை அதில் காட்டுகிறாரா என்று பாருங்கள். இரண்டில் எதற்கு மழுப்பலான பதில் வந்தாலும் விலகிவிடுங்கள்.

என்ன நடந்தது என்று எனக்கு விளங்கவைத்தது ஒரு பழைய ஆய்வு. டேவிட் ஜான்சன், ஸ்டீவன் ஸ்மித் என்ற இருவர் 1991இல் வெளியிட்டது. வடிவமைப்புச் சிக்கல் ஒன்றைக் கொடுத்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் மாதிரி வடிவம் ஒன்றைக் காட்டினார்கள். மாதிரியைப் பார்த்தவர்கள் அதன் அம்சங்களைத் தங்கள் வரைபடங்களில் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார்கள், அதிலிருந்த குறைகள் உட்பட. சிந்தாத காபிக் கோப்பை ஒன்றை வடிவமைக்கச் சொன்னபோது உறிஞ்சுகுழல் கூடாது என்று எழுத்திலேயே கொடுத்திருந்தார்கள். மாதிரியில் குழல் இருந்தது. அதைப் பார்த்தவர்கள் பலரின் கோப்பையிலும் குழல் வந்து உட்கார்ந்துகொண்டது. படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. திறமையோ நேர்மையோ குறைந்துபோனதாக நான் என்னையே தின்றுகொண்டிருந்தேன். மனித மனம் முதலில் பார்த்த விடையைச் சுற்றித்தான் வட்டமிடும் என்று தெரிந்த பிறகு, எதை முதலில் பார்ப்பது என்ற கேள்வி மட்டும்தான் மிஞ்சியது.

அதன்பின் வரிசையை மாற்றினேன். வேலை வந்தவுடன் மற்றவர்களின் வடிவமைப்பு எதையும் பார்ப்பதில்லை. வாடிக்கையாளர் சொன்ன சொற்களை அப்படியே எழுதுகிறேன், அவர்களுடைய தொழிலின் பொருட்களைப் போய்ப் பார்க்கிறேன், பென்சிலில் மோசமான வரைவுகளை நிறையப் போடுகிறேன். முதல் வரைவுகள் எல்லோருக்கும் தோன்றுகிறவையாகவே இருக்கும். விளக்கு, மரம், கைகுலுக்கல், சிறகு. அவை தாளில் இறங்கினால்தான் பின்னால் இருப்பது வெளியே வரும். இதற்குப் பிறகே திரை. பழைய தொகுப்புகளையும் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு படத்தின் கீழும் இரண்டு வரி எழுத முயன்றேன்: யார், எந்த ஆண்டில், எந்தச் சிக்கலுக்குச் செய்தது, எனக்கு இதில் பிடித்தது எது. எழுத முடியாதவற்றை நீக்கினேன். பெரும்பகுதி போய்விட்டது. மிஞ்சியவை இன்றுவரை பயன்படுகின்றன. ஏனென்றால் அவற்றைத் தேடும்போது கண்ணை நம்பாமல் காரணத்தை வைத்துத் தேடுகிறேன்.

தளங்களைப் பற்றி ஒரு சொல். நீங்கள் சேமித்ததைப் போன்றதையே மேலும் மேலும் காட்டும் தளங்களில் பார்வை குறுகிக்கொண்டே போகும். ஒரு வட்டமான லோகோவைச் சேமித்தால் வாரம் முழுக்க வட்டம்தான். பரிந்துரை இல்லாத காப்பகங்கள் வேறு மாதிரி. 'ஃபாண்ட்ஸ் இன் யூஸ்' தளத்தில் ஓர் எழுத்துருவின் பெயரைக் கொடுத்தால், அது எந்தெந்தக் காலத்தில், எந்தெந்தப் பொருளின்மேல் எப்படிப் பயன்பட்டது என்று காட்டும். இசைத்தட்டு உறையும் மருந்துப் பெட்டியும் அடுத்தடுத்து வரும். சான் பிரான்சிஸ்கோவில் உள்ள 'லெட்டர்ஃபார்ம் ஆர்க்கைவ்' பழைய அச்சுப் பொருட்களை மிக நுணுக்கமாகப் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. மை கசிந்த இடம்வரை பெரிதாக்கிப் பார்க்கலாம். 2006இலிருந்து வரும் 'பிராண்ட் நியூ' தளம் ஒரு நிறுவனத்தின் பழைய அடையாளத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது தேறியது, எது தேறவில்லை என்று வாதிடும். அதில் எழுதியிருப்பதைப் படிப்பதற்கு முன் என் தீர்ப்பை இரண்டு வரியில் எழுதிவிட்டுப் பிறகு படிப்பேன். இந்தப் பயிற்சி எனக்குக் கொடுத்த அளவுக்கு அந்தக் கட்டண வகுப்பு கொடுக்கவில்லை.

பாட்காஸ்ட் விஷயத்தில் நான் அதிர்ஷ்டசாலி. கண்ணுக்கு ஓய்வு தேவைப்பட்ட நேரத்தில் காது திறந்தது. டெபி மில்மன் 2005இல் தொடங்கிய 'டிசைன் மேட்டர்ஸ்' நிகழ்ச்சியில் வடிவமைப்பாளர்களும் கலைஞர்களும் தங்கள் வாழ்க்கையை விரிவாகப் பேசுகிறார்கள். புகழ்பெற்றவர்கள் வேலை கிடைக்காமல் அலைந்ததையும், நிராகரிக்கப்பட்டதையும் அவர்கள் குரலிலேயே கேட்டபோது, என் வறட்சி எனக்கு மட்டும் நேர்ந்த சாபமில்லை என்று முதன்முறையாக நம்பினேன். ரோமன் மார்ஸ் 2010இல் தொடங்கிய '99% இன்விசிபிள்' வேறு வகை. கொடி, சாலைப் பலகை, கட்டடம் என்று நாம் கவனிக்காமல் கடந்துபோகும் பொருட்களுக்குப் பின்னால் என்ன சிக்கல் இருந்தது, யார் தீர்த்தார்கள் என்று சொல்லும். படம் இல்லாததுதான் இதன் பலம். கேட்டதை நீங்களே மனதில் வரைய வேண்டியிருக்கிறது, அந்த வரைவு யாருடைய நகலும் ஆகாது. ஒன்று மட்டும் கவனமாக இருங்கள். வரைந்துகொண்டே கேட்டால் இரண்டும் பாழ். நடக்கும்போது கேளுங்கள், வந்ததும் ஒரே ஒரு குறிப்பு எழுதுங்கள். எழுத எதுவும் தோன்றாத நிகழ்ச்சிகளைப் பின்தொடர வேண்டியதில்லை.

ஸ்டூடியோக்களைப் பற்றிச் சற்று நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் பார்வை அதிகம் மாறியது அங்கேதான். முன்பெல்லாம் நூற்றுக்கணக்கான ஸ்டூடியோக்களைப் பின்தொடர்ந்தேன். எதைப் பற்றியும் ஒன்றும் தெரியாது. இப்போது ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் பழைய வேலையிலிருந்து புதிய வேலைவரை பார்க்கிறேன். 1972இல் லண்டனில் தொடங்கிய பென்டகிராம் ஸ்டூடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு தலைமை நிர்வாகி கிடையாது. பங்குதாரர்கள் சமமாக இருந்து, ஒவ்வொருவரும் தம் குழுவுடன் தாமே வடிவமைக்கிறார்கள். அதனால்தான் ஒரே ஸ்டூடியோவிலிருந்து இத்தனை விதமான வேலைகள். அந்தப் பங்குதாரர்களில் ஒருவரான பவுலா ஷேர் 1994இல் நியூயார்க்கின் பப்ளிக் தியேட்டருக்குச் செய்த அடையாளத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தடித்ததிலிருந்து மெலிந்ததுவரை அகலம் மாறும் எழுத்துகள். பார்த்த காலத்தில், கனமான எழுத்தை நானும் போட வேண்டும் என்று மட்டும்தான் தோன்றியது. அவர் அதற்கு எடுத்துக்கொண்டது பழைய அமெரிக்க மர அச்செழுத்துகளை, அதாவது மரத்தில் செதுக்கி அச்சடித்த எழுத்துகளை, என்று தெரிந்த பிறகு, அவருடைய போஸ்டரை விட்டுவிட்டு மர அச்செழுத்துகளைத் தேடிப் போனேன். அங்கே அவர் தொடாதவை இன்னும் எவ்வளவோ கிடக்கின்றன.

அமெரிக்க கிராஃபிக் டிசைனர் மில்டன் கிளேசர் கதையும் இப்படித்தான். 1954இல் நண்பர்களுடன் புஷ் பின் ஸ்டூடியோவைத் தொடங்கியவர். 1966இல் அவர் வரைந்த, பாடகர் பாப் டிலனின் போஸ்டரில் முகம் கறுப்பு நிழலாகவும் தலைமுடி வண்ண அலைகளாகவும் இருக்கும். அந்த நிழல் முகம் கலைஞர் மார்செல் துஷாம்பின் பக்கவாட்டுத் தன்னுருவப் படத்திலிருந்தும், முடியின் சுருள்கள் இஸ்லாமியக் கலையிலிருந்தும் வந்தவை என்று அவரே சொல்லியிருக்கிறார். தொடர்பே இல்லாத இரண்டு இடங்களிலிருந்து எடுத்தவற்றை அவர் கை ஒன்றாக்கியது. நான் எடுத்துக்கொண்ட பாடம் இது: பிடித்த டிசைனர் செய்ததைப் பார்ப்பதைவிட, அவர் எதைப் பார்த்தார் என்று ஒரு தலைமுறை பின்னால் போய்ப் பாருங்கள். இன்னொன்று, ஸ்டூடியோ தளங்களில் படங்களைத் தள்ளிக்கொண்டே போகாமல் வேலை விளக்கத்தைப் படியுங்கள். கைவிட்ட வரைவுகளையும் காட்டுகிற ஸ்டூடியோக்களைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஸ்டெஃபான் சாக்மைஸ்டர் என்ற டிசைனர் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை தன் ஸ்டூடியோவை ஓராண்டு மூடிவிட்டுச் சோதனைகள் செய்தார். நமக்கு ஓராண்டு கட்டுப்படியாகாது. ஒரு வேலைக்கும் அடுத்ததற்கும் நடுவில் சில நாட்களை யாருக்கும் கொடுக்காமல் வைத்துக்கொள்வது கட்டுப்படியாகும். நான் அதைச் செய்கிறேன்.

இவை வேலை செய்கின்றன என்று எனக்கு உறுதியானது, செவித்திறன் பரிசோதனை மையம் ஒன்றுக்கு அடையாளம் செய்தபோது. பழைய பழக்கப்படி போயிருந்தால் காதும் ஒலி அலையும்தான் வந்திருக்கும். அந்தத் துறையில் பாதி லோகோக்கள் அப்படித்தான் இருக்கின்றன. இந்த முறை திரையைத் திறக்காமல், அனுமதி வாங்கிக்கொண்டு அவர்களுடைய அறையில் உட்கார்ந்தேன். பரிசோதகர் ஒரு தாளில் குறித்துக்கொண்டிருந்தார். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. கேட்கும் மிக மெல்லிய ஒலியின் அளவை ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் குறித்துக் கோட்டால் இணைக்கிறார்கள். கோடு கீழே இறங்க இறங்கக் கேட்கும் திறன் குறைகிறது என்று பொருள். "இந்தக் குறிகள் எல்லா இடத்திலும் இப்படித்தானா?" என்று கேட்டேன். "ஆமாம், வலதுக்கு வட்டம், இடதுக்குப் பெருக்கல். படிக்கும்போதே முதலில் கற்றுக்கொடுத்துவிடுவார்கள்" என்றார். ஒரு வட்டம், ஒரு பெருக்கல் குறி, இரண்டையும் ஒரே உயரத்தில் இணைக்கும் கோடு. வரைவு அங்கேயே, காத்திருப்போர் நாற்காலியிலேயே முடிந்தது. காட்டியபோது மையத்தின் தலைவர் சிரித்துவிட்டார். அவர்களுடைய சொந்தக் கையெழுத்தை அவர்களிடமே திருப்பிக் கொடுத்ததாக உணர்ந்தேன். அன்று இரவுதான் பதிப்பகக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். அகலமான ஓரம், பென்சில் குறிப்பு. முதல் பக்கத்திலேயே இருந்தது. நெஞ்சு வலித்தது.

இனி பண விஷயம். இப்போது என் ஒப்பந்தத்தில் ஆய்வுக்கும் வரைவுக்கும் தனிக் கட்டணம், கணினி வடிவத்துக்குத் தனிக் கட்டணம். ஆய்வுக் கட்டணம் திருப்பித் தரப்படாது என்பது தெளிவாக எழுதப்பட்டிருக்கும். வேலை நடுவில் நின்றாலும் அதுவரை உழைத்ததற்குக் கூலி உண்டு. வாடிக்கையாளருக்கும் தாம் எதற்குப் பணம் தருகிறோம் என்று தெரிகிறது. இதைச் சொல்லக் கூச்சப்பட்டவன் நான். சொன்ன பிறகு எவரும் முகம் சுளித்ததில்லை.

ஒற்றுமை இருக்கிறதா என்ற சோதனையை வாடிக்கையாளர் செய்வதற்கு முன் நாமே செய்துவிட வேண்டும். வெறும் கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அதன் வெளிப்பாட்டுக்குத்தான் உண்டு. ஆனால் வணிகக்குறிக்கு (டிரேட்மார்க்) விதி வேறு, குழப்பம் உண்டாக்கும் அளவு ஒத்திருந்தாலே தகராறு வரும். பெரிய வேலைகளுக்கும் இது நேர்ந்திருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கின் முதல் சின்னம் 2015 ஜூலையில் வெளியாகி, பெல்ஜிய நாடக அரங்கு ஒன்றின் லோகோவைப் போல இருக்கிறது என்ற புகாரால் செப்டம்பரில் திரும்பப் பெறப்பட்டது. வடிவமைத்தவர் நகலெடுக்கவில்லை என்று மறுத்தும் சின்னம் நிற்கவில்லை. நான் செய்வது இது: பென்சில் வரைவைப் படமெடுத்துப் படத் தேடலில் போடுகிறேன், பிறகு உலக அறிவுசார் சொத்து அமைப்பு இலவசமாக வைத்திருக்கும் வணிகக்குறித் தரவுத்தளத்தில் படத்தை ஏற்றித் தேடுகிறேன். வண்ணம் பூசி, எழுத்துரு தேர்ந்து, அட்டையில் பொருத்திப் பார்த்த பிறகு தேடாதீர்கள். அதற்குள் அந்த வடிவத்தின்மேல் பாசம் வந்துவிடும், எந்த ஒற்றுமையையும் கண் ஒத்துக்கொள்ளாது. பென்சிலில் இருக்கும்போதே தேடினால், தூக்கிப்போட வேண்டியது ஒரு தாள் மட்டும்.